முதல் நன்மையும் முட்டைப் பாணும்

நான் முதல் நன்மை வாங்கிய நாளைப் பற்றி யாராவது கேட்டால், பூசையையும் வெள்ளை முக்காட்டையும் முந்திக்கொண்டு, முட்டையில் ஊறிச் சுட்ட பாணின் மணம்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது. என் பக்திக்குப் பெருமை சேர்க்கிற செய்தி இல்லை இது. ஆனாலும் நடந்தது அப்படித்தான்.

முல்லைத்தீவிலிருந்து நாயாற்றுக்குப் போகும் வழியில் எங்கள் ஊர் இருந்தது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு, நடுவில் மணலும் கொஞ்சம் தென்னையும் எங்கள் வீடுகளும். எங்கள் கத்தோலிக்கக் கோயில் சின்னது. அதற்கென்று தனியாகச் சுவாமியார் கிடையாது. முல்லைத்தீவில் இருந்த சுவாமியார் மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் மோட்டார் சைக்கிளில் வந்து, பாவசங்கீர்த்தனம் கேட்டு, கோயிலுக்குப் பக்கத்து அறைவீட்டில் படுத்து, ஞாயிறு காலை பூசை வைத்துவிட்டுப் போவார். அன்று அவருக்குக் காலைச் சாப்பாடு கொடுப்பது முறை வைத்து ஒவ்வொரு வீட்டுக்கும் வரும்.

அந்தக் காலத்தில் நன்மை, அதாவது பூசையில் தருகிற தேவ அப்பம், வாங்குகிறவர்கள் நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது. பூசை வைக்கிற சுவாமியாருக்கும் அதே சட்டம்தான். ஆகவே பூசை முடிந்ததும் அவர் நல்ல பசியோடு வருவார். வந்தவுடன் சாப்பாடு தயாராக இருக்கவேண்டும். அதனால் யாருடைய முறையோ அந்த வீட்டுப் பெண் பூசைக்குப் போகமுடியாது. ஊர் முழுக்கக் கோயிலில் முழங்காலில் நிற்க, அவள் மட்டும் குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருப்பாள். சுவாமியாருக்குச் சமைக்கிற புண்ணியத்தில் பூசை காணாத பாவம் கழிந்துபோகும் என்று, சுவாமியார் இல்லாத நாள்களில் கோயிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார் சொல்லி வைத்திருந்தார். அவருடைய மனைவி சமைத்த நாளில் அவர் பூசையில்தான் நின்றார்.

எங்கள் வீட்டுக்கு அந்த முறை வருவது நின்று இரண்டு மாரி கடந்திருந்தது. காரணம் அப்பா.

ஒரு சனிக்கிழமை அப்பா விரித்த வலையை, அன்றிரவு எழும்பிய கடல் எடுக்க விடவில்லை. ஞாயிறு காலை காற்றுக் கொஞ்சம் தணிந்தபோது, மிச்ச வலையாவது கிழியாமல் கைக்கு வரட்டும் என்று வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனார். அன்று பூசை நாள். கோயிலுக்குப் போனவர்கள் எல்லாருக்கும் அப்பாவின் பாய் கடலில் தெரிந்திருக்கிறது. அடுத்த மாதம் சுவாமியார் பிரசங்கத்தில், ஆண்டவருடைய நாளில் ஆண்டவரைத் தேடாமல் மீனைத் தேடிப் போகிற ஒருவர் இந்த ஊரில் இருக்கிறார் என்றார். பெயர் சொல்லவில்லை. கோயிலில் இருந்த அத்தனை தலையும் அப்பா இருந்த பக்கம் திரும்பியது. அப்பா எழுந்து, சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு கோயில் படி மிதிக்கவில்லை.

“நான் மீன் பிடிக்கப் போகேல்லை. வலை எடுக்கப் போனனான்.” இதுதான் அவருடைய வாதம். அதைச் சுவாமியாரிடம் போய்ச் சொல்லவுமில்லை. எங்களிடம்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பிறகு அவர் எந்த ஞாயிற்றுக்கிழமையும் தொழிலுக்குப் போனதில்லை. பூசை நேரத்தில் களப்புக்கரையில், வள்ளத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, கிழியாத வலையை ஊசியால் தைத்துப் பொத்திக்கொண்டிருப்பார்.

எனக்கு முதல் நன்மை என்று முடிவானதும் அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு உபதேசியார் வீட்டுக்குப் போனார். அந்த மாதச் சாப்பாடு எங்கள் வீட்டில் என்று சொன்னார். உபதேசியார் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

“அவர் என்ன சொல்லுவாரோ?”

“எவர்?” என்று அம்மா கேட்டார்.

அப்பாவையா சுவாமியாரையா என்று விளக்கிச் சொல்ல உபதேசியாருக்குத் துணிவு வரவில்லை. சரி என்று தலையை ஆட்டினார்.

முறையைக் கேட்டு வாங்கியாயிற்று. ஆனால் மகள் முதல் நன்மை வாங்குகிற நேரம் தாய் குசினியில் நின்று புட்டு அவிப்பதா? அது முதல் சிக்கல். சுவாமியாருக்கு வயிற்றுப்புண் என்பது இரண்டாவது. போன மாதம் ஒரு வீட்டில் கொடுத்த மிளகாய்ச் சம்பல், திரும்பிப் போகிற வழியில் அவருடைய மோட்டார் சைக்கிளைப் பற்றைக்குப் பக்கத்தில் நிறுத்த வைத்ததாக ஊரில் கதை இருந்தது.

இரண்டு சிக்கலையும் தீர்த்தவர் அம்மாவின் தங்கை, என் சின்னம்மா. யாழ்ப்பாணத்தில் ஒரு கன்னியர் மடத்துக் குசினியில் அவருக்கு வேலை. எனக்கென்று தைத்த வெள்ளைச் சட்டையோடு வெள்ளிக்கிழமையே பஸ்ஸில் வந்து இறங்கினார். மடத்தில் பெருநாள்களுக்கு முதல் நாளே கூட்டி வைக்கிற ஒரு சாப்பாடு இருக்கிறது என்றார்.

“பாணை அடுக்கி, முட்டையும் பாலும் ஊத்தி, ராவைக்கு ஊற விட்டால் சரி. விடியச் சுடுறதுதான் வேலை. மதர்மார் பூசையாலை வந்த கையோடை சுடச்சுடச் சாப்பிடுவினம்.”

“அதுக்கு என்ன பேர்?” என்று நான் கேட்டேன்.

“அவை ஒரு பேர் சொல்லுவினம். எனக்கு வாயிலை வராது.”

ஆகவே எங்கள் வீட்டில் அது முட்டைப் பாண் ஆயிற்று.

எங்கள் ஊரில் பாண் சுடுகிற பேக்கரி கிடையாது. சனிக்கிழமை காலை அப்பா முல்லைத்தீவுச் சந்தைக்கு மீன் கொண்டு புறப்பட்டபோது, இரண்டு றாத்தல் பாண் வாங்கிவரச் சொன்னார் அம்மா.

“பாண் ஆருக்கு?”

“பிள்ளையின்ரை முதல் நன்மைக்கு.”

பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. அப்பா மத்தியானம் திரும்பி வந்தபோது, சைக்கிள் கரியரில் மீன் பெட்டி இருந்த இடத்தில் பாணை வைக்க மனமில்லாமல், சால்வையில் பொதிந்து கழுத்தில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். பாண் இன்னும் இளஞ்சூடாக இருந்தது. பேக்கரியில் புதுப் பாணாகத் தரச்சொல்லிச் சண்டை பிடித்து வாங்கினேன் என்றார். சின்னம்மா முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. இந்தச் சாப்பாட்டுக்கு முதல் நாள் பாண்தான் திறம், புதுப் பாண் கரைந்து களியாகிவிடும் என்று அப்பா போன பிறகு சொன்னார். துண்டு துண்டாக வெட்டிச் சுளகில் பரப்பி வெயிலில் வைத்தார். நான் பக்கத்தில் இருந்து காகம் கலைத்தேன்.

பின்னேரம் நானும் என்னோடு நன்மை வாங்கப் போகிற மற்றப் பிள்ளைகளும் பாவசங்கீர்த்தனம் செய்தோம். வீட்டுக்கு வந்தபோது குசினியில் வேலை தொடங்கியிருந்தது. அப்பா களப்பில் பிடித்த றாலைத் தோல் உரித்து, வெங்காயத்தோடு ஈரம் போகும் வரை பொரித்து எடுத்தார் அம்மா. பச்சை மிளகாய் ஒன்றே ஒன்று, அதுவும் விதை நீக்கி. அகலமான மண்சட்டிக்கு நெய் பூசி, ஒரு வரிசை காய்ந்த பாண், அதன் மேல் றாலும் வெங்காயமும், பிறகு மறுபடியும் பாண் என்று சின்னம்மா அடுக்கிக்கொண்டு போனார். தேங்காய்ப்பால் விட்டால் ருசியாக இருக்குமே என்று அம்மா கேட்டார்.

“விடியமுதல் புளிச்சுப்போம் அக்கா. பசுப்பாலைக் காய்ச்சி ஆறவிடுங்கோ.”

முட்டையை மிளகுத் தூளோடு நுரைக்க அடித்து, ஆறின பாலில் கலந்து, சட்டியில் மெல்ல ஊற்றுகிற நேரம் உபதேசியார் வேலிப் படலையடியில் வந்து நின்றார்.

“சுவாமி வந்திட்டார். நாளைக்குக் காலமைச் சாப்பாடு இஞ்சைதானே எண்டு கேட்டவர்.”

அப்பா முற்றத்தில் சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். நெருப்புக்குச்சி விரலைச் சுடும் வரைக்கும் அவர் கையிலேயே எரிந்தது.

“ஓம், இஞ்சைதான்,” என்றார் அம்மா, குசினிக்குள்ளிருந்து, தேவைக்கு மேல் உரத்த குரலில்.

உபதேசியார் போனதும் அப்பா குசினி வாசலுக்கு வந்து சட்டியைப் பார்த்தார். முட்டையும் பாலும் பாணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன.

“அப்ப இந்தப் பாண் அவருக்கோ?”

“பிள்ளைக்கும்தான்.”

“நான் விடியக் களப்படிக்குப் போயிடுவன். அவர் போனாப் பிறகு ஆள் அனுப்பு.”

“போங்கோ. ஆனா நெருப்பைப் பாக்க ஒருத்தரும் இல்லை.”

“அதுக்கென்ன அக்கா, நான் நிக்கிறன்,” என்றார் சின்னம்மா. “பூசை எனக்கு மடத்திலை நெடுகலும் கிடைக்கும்தானே.”

அதுதான் நியாயம். அந்தச் சாப்பாட்டைச் சுடத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். ஆனால் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “நீ பிள்ளைக்குப் பக்கத்திலை நிக்கவேணும். முக்காடு நழுவினால் ஆர் சரிசெய்யிறது?” என்றார். முக்காடு நழுவினால் அம்மாவே சரிசெய்யலாமே என்று எனக்குத் தோன்றியது. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசினால் அதுவும் பாவமாகிவிடும், மறுபடியும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவேண்டிவரும் என்ற பயத்தில் பேசாமல் இருந்தேன்.

அப்பா இன்னொரு குச்சியைக் கிழித்துச் சுருட்டைப் பற்றவைத்தார்.

“ஞாயிற்றுக்கிழமை வலை எடுக்கேலாது, அடுப்பு எரிக்கலாமோ?”

“அதை நாளைக்கு வாற ஆளிட்டைக் கேளுங்கோ,” என்றார் அம்மா.

அப்பா சுருட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டார். தண்ணீர்ப் பானை வைத்திருந்த ஈர மணலில் குழி பறித்து, சட்டியை அதற்குள் குளிர இறக்கி, மூடிக்கு மேல் ஈரத்துணியும், பூனைக்காக ஒரு கல்லும் வைத்தார்கள். எனக்கு வயிறு முட்டச் சோறும் ஒரு செம்பு தண்ணீரும் தந்தார்கள்.

விடியும்போது சிரட்டை எரிகிற மணத்தில்தான் விழித்தேன். அப்பா போகவில்லை. குசினிக்குப் பின்னால் சிரட்டைகளைக் குவித்துத் தணலாக்கிக்கொண்டிருந்தார். அம்மா வேலையை மட்டும் சொன்னார். சட்டிக்குக் கீழே மெல்லிய தணல் போதும். மூடியைக் கழற்றித் தகரத்தால் மூடவேண்டும். எழுந்தேற்ற மணி கேட்டதும் தகரத்துக்கு மேலே தணலைப் பரப்பவேண்டும். முந்திப் பரப்பினால் மேற்பக்கம் கருகிவிடும், பிந்தினால் நடு பச்சையாக இருக்கும்.

எங்கள் வளவு கோயில் வேலிக்கு அடுத்ததுதான். ஆனால் பூசையில் அப்பத்தைத் தூக்கிப் பிடிக்கிறபோது அடிப்பது சின்னக் கைமணி. அலைச் சத்தத்துக்குள் அது கேட்கவேண்டுமானால், பூசை தொடங்கின நேரத்திலிருந்து காது கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும்.

கோயிலில் நான் முன்வரிசையில் முழங்காலில் நின்றேன். எனக்கு ஒரு பக்கம் அம்மா, மற்றப் பக்கம் சின்னம்மா. முக்காடு நழுவவேயில்லை. பசியில் காது அடைத்தது. கைமணி அடித்தபோது ஊரே தலை குனிந்தது. அம்மாவும் குனிந்தார். ஆனால் அவருடைய முகம் பீடத்தின் பக்கம் இல்லாமல் எங்கள் வீட்டுப் பக்கம் சற்றுத் திரும்பியிருந்ததை நான் கண்டேன். நானும் என் முதல் நன்மைக்கு ஆயத்தமாக, அப்பாவுக்கு மணி கேட்டிருக்கவேண்டும் என்று மன்றாடினேன்.

பிறகு நன்மை வாங்கினேன். அது அண்ணாக்கில் ஒட்டிக்கொண்டது. பல்லில் படக்கூடாது என்று பயந்து நாக்கால் தடவிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் சம்மனசுகள் சிறகோடு வானத்திலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் நிற்பார்கள் என்று உபதேசியார் சொல்லித் தந்திருந்தார். எனக்கு வந்தது யன்னல் வழியாக, நெய்யும் வெங்காயமும் முறுகுகிற மணம். சுவாமியாருக்கும் அது வந்திருக்கவேண்டும். கடைசிச் செபங்களை அவர் வழக்கத்தைவிட வேகமாகச் சொன்னதாக எனக்குப் பட்டது.

பூசை முடிந்ததும், ஓடாதே என்று சின்னம்மா பின்னால் கூப்பிடக் கூப்பிட, வெள்ளைச் சட்டையோடு வீட்டுக்கு ஓடினேன். அப்பா அடுப்புக்கு முன்னால் முழங்காலில் நின்று ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருந்தார். புருவத்தில் சாம்பல். கண் சிவந்திருந்தது. களப்படிக்குக் கொண்டுபோகிற வலையும் பொத்துகிற ஊசியும் வாசலில் எடுத்து வைத்தபடி இருந்தன.

“அப்பா, நீங்கள் போகேல்லையோ?”

“இதை விட்டிட்டு எங்கை போறது? சின்னம்மாவைக் கூப்பிடு. நடு ஆடுது.”

சின்னம்மா மூச்சு வாங்க வந்து, தகரத்தைக் கொஞ்சம் நகர்த்தி, ஈர்க்கால் நடுவில் குத்திப் பார்த்தார். “இன்னும் கொஞ்சம் வேணும் அத்தான். இப்ப எடுத்தால் பச்சை.”

அதற்குள் சுவாமியாரும் உபதேசியாரும் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். அம்மா வெள்ளைத் துணி விரித்த கதிரையில் சுவாமியாரை இருத்தினார். அப்பா வலையை ஒரு தரம் பார்த்தார், பின்வேலியில் ஆள் நுழைந்து போகிற கண்டாயத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு தகரத்தின் மேல் இன்னும் இரண்டு சிரட்டைத் தணலை எடுத்து வைத்தார்.

சுவாமியார் இருந்து பார்த்தார். சாப்பாடு வரவில்லை. குசினிக்குள்ளிருந்து ஆண் குரலில் இருமல் கேட்டது. அவர் எழுந்து அங்கியைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு குசினி வாசலுக்கே வந்துவிட்டார். அம்மா தடுக்கவில்லை. உபதேசியார் மட்டும் கதிரைக்குப் பக்கத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

“என்ன, இன்னும் வேகேல்லையோ?” என்றார் சுவாமியார்.

அப்பா திரும்பவில்லை. “நடு இறுகேல்லை, சுவாமி.”

“அப்ப இருப்பம்.”

வாசலடியில் கிடந்த பலகைக்கட்டையில் சுவாமியார் உட்கார்ந்தார். இரண்டு பேரும் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தணல் வெடித்தது. சுவாமியார், “அண்டைக்கு அந்த வலை... தப்பினதோ?” என்று கேட்டார். வலைக் கதை அவருக்கு எப்போது, யார் மூலம் போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது.

“பாதி கடலோடை போட்டுது.”

“நான் பேர் சொல்லேல்லை.”

“இந்த ஊருக்குப் பேர் தேவையில்லை, சுவாமி.”

“நீர் வந்து எனக்குச் சொல்லியிருக்கலாம்.”

“நீங்கள் என்னைக் கேட்டிருக்கலாம்.”

சின்னம்மா என் தோளைப் பிடித்தார். விரல்கள் அழுத்தின. சுவாமியார் தாடியைத் தடவினார். பிறகு, “ஓம். கேட்டிருக்கலாம்,” என்றார்.

அப்பா குறட்டால் தணலை ஒவ்வொன்றாக எடுத்து, தகரத்தை நீக்கினார். சட்டி விளிம்பு வரைக்கும் உப்பி, மேற்பக்கம் பொன்னிறமாக, அங்கங்கே றால் எட்டிப் பார்க்க இருந்தது. ஈர்க்கை அவரே குத்தினார். சுத்தமாக வந்தது.

வெள்ளைத் துணியும் கதிரையும் முற்றத்தில் வீணாகக் கிடக்க, சுவாமியார் குசினி வாசலிலேயே சாப்பிட்டார். முதல் வாய் வைத்ததும் நிமிர்ந்து, “அவருக்கும் ஒரு பீங்கான் எடுங்கோ,” என்றார். அப்பா மாட்டேன் என்று சொல்லத் தொடங்கினார். அதற்குள் அம்மா பீங்கானைக் கையில் கொடுத்துவிட்டார்.

“ஆர் செய்தது இது?” என்று சுவாமியார் கேட்டார்.

சின்னம்மா வாயைத் திறந்தார். அம்மா முந்திக்கொண்டு, “அவர்தான் சுட்டவர்,” என்றார்.

“பாண் வாங்கினதும் நான்தான்,” என்றார் அப்பா.

சுவாமியார் சிரித்தார். இன்னும் ஒரு துண்டு கேட்டு வாங்கினார். வயிற்றுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று அடுத்த மாதம் உபதேசியார் மூலம் சொல்லி அனுப்பினார்.

அப்பா அடுத்த பூசைக்கே கோயிலுக்குப் போய்விட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். போகவில்லை. பல மாதம் கழித்து ஒரு நாள் கோயில் வாசலுக்கு வெளியே, மணலில், சால்வையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு வாசலுக்கு உள்ளே. முன்னுக்கு வர இன்னும் ஒரு வருடமாவது எடுத்திருக்கும். ஆனால் சுவாமியார் வருகிற சனிக்கிழமைகளில், களப்பில் பட்ட நல்ல றால் கொஞ்சம் ஓலைப்பையில் அறைவீட்டுக்குப் போனது. கொண்டுபோய்க் கொடுத்தது நான். யார் தந்தது என்று சுவாமியார் ஒரு நாளும் கேட்கவில்லை.

அன்று காலை இது ஒன்றும் எனக்குத் தெரியாது. என் மனத்தாங்கல் வேறு. முதல் நன்மை வாங்கியவள் நான். புதுச் சட்டை போட்டவள் நான். நடுச்சாமத்திலிருந்து தண்ணீர் குடிக்காதவளும் நான். ஆனால் எல்லாரும் குசினி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முறுகின கரைத் துண்டு எனக்கென்று சின்னம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். அது சுவாமியாரின் பீங்கானுக்குப் போய்விட்டது.

முறையிட அம்மாவைத் தேடினேன். குசினிக்குப் பின்னால், வேலியைப் பார்த்தபடி, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அம்மா நின்றார். தோள் குலுங்கியது.

“அம்மா, சாப்பாடு பிழைச்சுப்போச்சோ?”

இல்லை என்று தலையை ஆட்டினார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. திரும்பிப் போய், சட்டியின் ஓரத்திலிருந்து ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுப் பார்த்தேன். நன்றாக வெந்திருந்தது. உப்பும் சரியாகவே இருந்தது. பிறகு எதற்காக அழுகிறார் என்று விளங்காமல், நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னொரு துண்டையும் எடுத்தேன்.